குழாயில் வராத சுரம்

மைக் செட்டு வேண்டும் என்று கேட்டது ராஜபார்ட் கனகாம்பாளேதான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றும், யாரோ சூனியம் வைத்த ஒலிபெருக்கிக் குழாய் என்றும் ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள்.

கனகாம்பாள் வில்லியனூர்க்காரி. பெண்ணாகப் பிறந்தாலும் மேடையில் அவள் போட்டதெல்லாம் ராஜா வேஷம்தான். கிரீடமும் ஒட்டுமீசையும் வைத்துக்கொண்டு அவள் வந்து நின்றால், நிஜ மீசைக்காரர்கள் தங்கள் மீசையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். உயரம் ஒரு பக்கம் இருக்கட்டும், குரல்தான் அவள் சொத்து. அந்தக் காலத்தில் பாட்டு தூரத்துக்குப் போக வேண்டுமென்றால் உச்சத்தில்தான் பாட வேண்டும். கீழ்க்குரல் நாலு வரிசை தாண்டாது. அவளோ ஐந்தரைக் கட்டையில் எடுப்பாள். ராஜா தேசத்தை இழந்து காட்டுக்குப் போகிற கட்டத்தில், மேல் சுரத்துக்குத் தாவி, ஒரு மூச்சு தீருகிறவரை அங்கேயே அசையாமல் நிற்பாள். கொட்டகைக்கு வெளியே வண்டிக்கடியில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அந்த ஒரு சுரத்துக்காகவே மண்ணாடிப்பட்டிலிருந்தும் பாகூரிலிருந்தும் கட்டுச்சோற்றோடு வண்டி பூட்டி வருகிற குடும்பங்கள் இருந்தன.

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின கோடையில் அந்தக் கூட்டம் மெலிந்தது. பிரெஞ்சு எல்லைக்கு அந்தாண்டை, இங்கிலீஷ்கார ஊரில், கடலூர்க் கம்பெனி ஒன்று மைக் செட்டு வைத்து நாடகம் போட ஆரம்பித்திருந்தது. அந்த ராஜபார்ட்டுக்குக் குரலே கிடையாது. ஆனாலும் குழாய் பேசுகிறது என்று சனங்கள் சுங்கச் சாவடியைத் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள்.

"நமக்கும் ஒண்ணு வேணும்" என்றாள் கனகாம்பாள்.

அவள் புருஷன் நடேசன்தான் கம்பெனியில் ஆர்மோனியம். எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். அவளும் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவாள். எதற்கும் சண்டை போடாத மனுஷன், இதற்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

"உன் கொரலுக்கு மைக்கா? யானைக்கு எதுக்குக் கனகம் ஊன்றுகோலு?"

"கூட்டம் போவுதே, கண்ணுல படலியா?"

"போனது திரும்பி வரும். குழாய் மவுசு எத்தினி நாளைக்கு?"

இப்படியே சித்திரை போயிற்று. வைகாசியில் அவள் அவரைக் கேட்காமலேயே சிராஜுதீன் பாயிடம் சொல்லிவிட்டாள். வில்லியனூர்க் கடைத்தெருவில் கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் கேஸ்லைட்டு வாடகைக்கு விடுகிறவர் சிராஜுதீன். இனிமேல் மைக்கு இல்லாத கல்யாணமே இருக்காது என்று அவருக்கு ஒரு கணக்கு. அவர் மூன்று செட்டுகளைத் தருவித்து, தம் கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் வரிசையாக வைத்தார். "நீங்க காது குடுத்துப் பாருங்கம்மா. உங்களுக்கு எது ஒத்து வருதோ, அதை நான் வாங்கிக்கிறேன். மத்தது திரும்பிப் போவட்டும்" என்றார்.

சந்தை நாள் அது. குழாய்களைக் கூரைமேல் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்ததால், வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடேசன் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் செட்டு மதராஸிலிருந்து வந்த இரும்புப் பெட்டி. பாய் பாட்டரிக் கம்பியை மாட்டினார். உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்தன. கனகாம்பாள் மைக்குக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினாள்.

கூரைமேல் ஒரு ராட்சசன் செருமினான்.

அவள் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள். தெருவில் இரண்டு மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடின. ஆள்கள் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மெல்ல ஒரு அடி பாடினாள். மேலே யாரோ ஒருத்தி கூடவே பாடினாள். கரகரப்பான, வயசான, சளி பிடித்த ஒருத்தி.

"யாரு அது?" என்றாள்.

"நீங்கதாம்மா" என்றார் பாய்.

"நானா?"

நாற்பத்தைந்து வயசு வரைக்கும் அவள் தன் குரலை வெளியே நின்று கேட்டதில்லை. யார்தான் கேட்டிருக்கிறார்கள்? இரும்புப் பெட்டிதான் குரலைக் கெடுக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ராஜா பாட்டை எடுத்து, படிப்படியாக ஏறி, அந்த மேல் சுரத்துக்குத் தாவினாள். வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மண்டைக்குள் சுரம் கணீரென்று நின்றது. கூரையிலிருந்து மட்டும் புஸ்ஸென்று ஒரு காற்றுதான் வந்தது, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி.

நடேசன் சட்டென்று பேசினார். "பார்த்தியா? நான் சொன்னேன்ல? மேல் சுரத்தை முழுங்குது. தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்குது, இது நமக்கு ஆவாது."

"ஆமா, முழுங்குது" என்றாள் அவளும்.

இரண்டாவது, நொடித்துப்போன ஒரு டாக்கி சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. அதில் எந்நேரமும் ஒரு வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வண்டுச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் மிதந்தது. இரும்புப் பெட்டிக்கு இது தேவலை. ஆனால் மேல் சுரத்துக்குப் போனதும் வண்டு மட்டுமே மிஞ்சியது.

மூன்றாவது ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் பழுப்புத் துணி போர்த்தியது. புதுச்சேரியில் கிதார் வாசிக்கிற ஒரு துரை, தன் மின்சாரக் கிதாருக்கென்றே பாரிஸிலிருந்து தருவித்தது என்றும், துரை சைகோனுக்குக் கப்பலேறிவிட்டதால் தமக்குக் கிடைத்தது என்றும், பாட்டரியில் ஓடும்படி மாற்றி, கூரைக் குழாய்க்கும் ஒரு கம்பி இழுத்திருப்பதாகவும் பாய் சொன்னார். அதில் பேசினால் வெல்லப்பாகு ஊற்றினதுபோல் கனமாக வந்தது. கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். கனகாம்பாளுக்கு நம்பிக்கை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, சுரத்துக்குப் போனாள்.

புஸ்.

அவள் கண்ணைத் திறந்தாள். மூன்று பெட்டிகள், மூன்று ஊர்ச் சரக்கு. மூன்றுமா ஒரே சுரத்தை முழுங்கும்? அவள் புத்தி சும்மா இருக்கிற புத்தி அல்ல.

"வாத்தியாரே, ஆர்மோனியத்தை மைக்குக்கிட்ட வச்சு, அந்த மேல் சுரத்தை அமுத்துங்க."

நடேசன் அசையவில்லை.

"இன்னா, காது கேக்கலியா? அமுத்துங்க."

அவர் விரல் அந்தக் கட்டையைத் தேடுவதுபோல் வெகுநேரம் தேடியது. பிறகு அமுத்தியது. கூரையிலிருந்து சுரம் கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்து தெருவில் விழுந்தது. இரும்புப் பெட்டியில் மாட்டச் சொன்னாள். வந்தது. டாக்கிப் பெட்டியில் மாட்டச் சொன்னாள். வண்டோடு சேர்ந்து அதிலும் வந்தது.

மறுபடி அவள் பாடினாள். வரவில்லை.

வாசலில் கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்த ராமாயி, பாவம், நல்ல மனசுக்காரி, நாடகம் ஒன்று விடாமல் பார்க்கிறவள், மௌனம் தாங்காமல் குரல் கொடுத்தாள்:

"இன்னா கனகம், இன்னிக்குச் சின்னபொண்ணு வரலியா? அவளையும் கூட்டியாந்திருந்தா மேல அவ புடிச்சிருப்பாளே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கனகாம்பாளுக்கு முதலில் அர்த்தம் புரியவில்லை. சின்னபொண்ணு கம்பெனியில் பின்பாட்டு; பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால், ஆர்மோனியத்துக்கு ஒட்டினாற்போல் நின்று கூட்டுப்பாட்டு பாடுகிறவள். பாகூர்க்காரி. வேஷம் கட்டாதவள். அவள் எதற்கு மேல் சுரத்தைப் பிடிக்க வேண்டும்? கனகாம்பாள் நடேசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆர்மோனியத் துருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துபோயிற்று. மைக்கு நிற்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பலேந்து?"

"கனகம், வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"எப்பலேந்துன்னு கேட்டேன்."

"உனக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம்" என்றார் நடேசன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். பிழைக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டு, மலேரியாவுக்கான கொயினா மாத்திரையாகக் கொடுத்துக் கொடுத்துக் காய்ச்சலை இறக்கினார்கள். அதிலிருந்து அவள் காதில் ஓயாத ரீங்காரம் ஒன்று தங்கிவிட்டது. தேறி எழுந்தபின் முதல் நாடகம் அரியூரில். ராஜா பாட்டில் அவள் வாயைத் திறந்தாள்; சுரம் வரவில்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. முன்வரிசை ஆள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடேசன் பதறிப்போய்ப் படுதாப் பக்கம் கையைக் காட்டினார். சின்னபொண்ணு அந்தக் கணமே சுரத்தைப் பிடித்துக்கொண்டாள். ரீங்காரம் அடைத்த காதில் கனகாம்பாளுக்கு அது தன் குரலாகவே கேட்டது. கொட்டகை அதிர்ந்தது. அன்றிலிருந்து எல்லா நாடகத்திலும் அப்படியே.

"நீ அப்பத்தான் எமன் வாசல்லேந்து திரும்பி வந்திருந்தே. உன் கொரலு போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"எத்தினி பேருக்குத் தெரியும்?"

அவர் ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்தினார்.

"பாய், உமக்கு?"

சிராஜுதீன் தாடியைத் தடவினார். "நான் கேஸ்லைட்டுக்குக் காத்தடிக்க மேடையோரமாத்தானேம்மா நிக்கிறேன்" என்றார் மெதுவாக.

அவள் வாசலைப் பார்த்தாள். உப்பு வியாபாரி, மாட்டுத் தரகர், வெற்றிலைக்காரி. ஒருவரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த முகங்களில் இருந்தது இரக்கம். அவள் ஒருத்தியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கிறது. கிரீடம் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றவளுக்குக் கை தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள்?

அழவில்லை. நேரே தெருவுக்கு வந்து, நெல் இறக்கிவிட்டுப் பாகூருக்குத் திரும்புகிற வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தாள். கூட ஏற வந்த நடேசனை, "நீங்க வராதீங்க" என்று ஒரே சொல்லில் நிறுத்தினாள்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி நடவு நடந்துகொண்டிருந்தது. வண்டி கரைமேல் ஏறும்போதே நடவுப் பாட்டு கேட்டது. முன்பாட்டு பாடுகிறவளின் குரல் ஈர மணல்போல் கரடாக, அடியிலிருந்து வந்தது. நல்ல குரல், யாரோ என்று நினைத்துக்கொண்டே கனகாம்பாள் வரப்பில் இறங்கி நடந்தாள். கிட்டப் போனதும் பாட்டு நின்றது. சேற்றிலிருந்து நிமிர்ந்தவள் சின்னபொண்ணு.

"அக்கா? இன்னாக்கா இவ்ளோ தூரம்?"

"ரெண்டு வருஷமா எனக்கு பதிலா நீ பாடுறியாமே?"

சின்னபொண்ணு கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போடவில்லை. முறைத்துப் பார்த்தாள். கனகாம்பாள் எதிர்பார்த்து வந்தது பயம், இல்லாவிட்டால் அழுகை. அவள் முகத்தில் இருந்ததோ கோபம்.

"இப்பதான் அதைப் பத்திப் பேசணும்னு தோணிச்சாக்கா உனக்கு?"

"இன்னா சொல்றே?"

"ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொன்னியா? நல்லாப் புடிச்சடீன்னு, ஒரு தபா, ஒரே ஒரு தபா? கைதட்டு விழும். நீ குனிஞ்சு கும்புட்டுக்குவே. படுதாவுக்குள்ள வந்தா என் மூஞ்சியக்கூட பார்க்க மாட்டே. சரி, ராஜபார்ட்டு, பெரிய மனுஷி, சொல்லக் கூச்சமா இருக்கும்னு நானே சமாதானம் பண்ணிக்குவேன்."

கனகாம்பாள் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினாள். "எனக்குத் தெரியாதுடி."

"அக்கா, சும்மா இரு."

"எங்கம்மா மேல சத்தியமாத் தெரியாது. இன்னிக்குக் காத்தாலதான் தெரியும்."

சின்னபொண்ணின் கையிலிருந்து நாற்று நழுவியது. "நீதான் என்னைப் பாடச் சொன்னேன்னு வாத்தியாரு சொன்னாரே? வெளிய சொல்லாதே, அக்காவுக்கு அசிங்கம்னு சொன்னாரே?"

இரண்டு பெண்களும் சேற்றில் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். மற்ற நடவாள்கள் குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியிடம் உண்மையை மறைத்து, இன்னொருத்தியிடம் பொய்யைச் சொல்லி, அந்தச் சாதுவான மனுஷன் நடுவிலே உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்திருக்கிறார். ஒரு மேடை, ஒரு படுதா. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் ஒருத்தி வெந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருத்தி மாலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வில்லியனூருக்கு வா" என்றாள் கனகாம்பாள் கடைசியில். "அந்தக் குழாயில நீ பாடணும். நான் கேக்கணும்."

"எதுக்குக்கா?"

"அவங்க எதுக்குக் கை தட்டினாங்கன்னு நான் பார்க்க வேணாமா?"

மறுநாள் சந்தை இல்லாவிட்டாலும் கடைத்தெருவில் நடமாட்டம் இருந்தது. சிராஜுதீன் மறுபேச்சுப் பேசாமல் மரப்பெட்டியை மாட்டிக் கொடுத்தார். நடேசன் கூப்பிடாமலே வந்து ஓரமாக நின்றார். கனகாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. சின்னபொண்ணு பயந்துகொண்டே மைக்குக்கு முன்னால் வந்து, ராஜா பாட்டை எடுத்தாள். மேல் சுரத்தைத் தொட்டாள்.

கூரைமேல் பாடியது கனகாம்பாள். இருபத்தைந்து வயசுக் கனகாம்பாள். அந்த ஏற்றம், தாவுவதற்கு முன்னால் அந்தச் சின்ன இழுப்பு, மூச்சு தீரும்போது வருகிற நடுக்கம், எல்லாம் அச்சு அசலாக அவளுடையது. தெருவில் போன ஒருவன் நின்று, "டேய், கனகாம்பா பாடுதுடா! கொரலு திரும்பி வந்துருச்சுடா!" என்று கத்தினான். நாலு கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

பாட்டு பாதியில் அறுந்தது. சின்னபொண்ணு மைக்கைவிட்டுப் பின்வாங்கி, பேய் அடித்தவள்போல் கூரையைப் பார்த்தாள்.

"இது நான் இல்லியே."

"நீதான்டி."

"இது நீக்கா. நான் பாடுறேன், நீ வர்றே." அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கொரலோட ஒட்டணும், ஒட்டணும்னு பாடிப் பாடி... யாரும் என்னைக் கேக்கவே இல்லியேக்கா. ரெண்டு வருஷமா கை தட்டினது எனக்குத்தான்னு நெனச்சிருந்தேனே."

அவள் உடைந்து அழுதாள். நடேசன் எதையாவது செய்ய வேண்டுமே என்று, பழக்க தோஷத்தில், ஆர்மோனியத்தை எடுத்து அதே ஐந்தரைக் கட்டையில் சுருதியைப் பிடித்தார். "அழாதே, அழாதே. இன்னொரு தபா பாடு, எல்லாம் சரியாயிடும்."

கனகாம்பாள் மைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கத்தவில்லை. தொண்டைக்குள்ளேயே, அடிக்குரலில் சொன்னாள்:

"நிறுத்துங்க வாத்தியாரே. இன்னும் எத்தினி நாளைக்கு எங்களை ஊமையாவே வச்சிருப்பீங்க?"

அந்தச் சொல் மரப்பெட்டிக்குள் போய், கனத்துத் திரண்டு, கூரையிலிருந்து புறப்பட்டது. கடைத்தெரு முழுக்க நின்றது. தெருக்கோடியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவன் கை அந்தரத்தில் நின்றது. கோயில் பக்கமிருந்து ஆள்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொருவர் காதிலும் விழுந்திருந்தது. நடேசனின் முகம் வெளிறிப்போயிற்று. ஊருக்கு முன்னால் அவரை அவள் ஒரு சொல் சொன்னதே கிடையாது.

அவரைவிட அவள் அதிகமாக அதிர்ந்துபோயிருந்தாள். நாலு வரிசை தாண்டாத கீழ்க்குரல் அது. அடுப்படியில் பேசுகிற குரல். அது தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது.

"பாய்," என்றாள், மறுபடி அதே குரலில். "இதையே இரும்புப் பெட்டியில மாட்டுங்க."

மாட்டினார். அதில் அவள் அடிக்குரல் சப்பையாக, எலும்பு மட்டும் வந்தது. டாக்கிப் பெட்டியில் வண்டு தின்றுவிட்டது. திரும்ப மரப்பெட்டி. அதில்தான் சதையும் இருந்தது. யாரோ ஒரு துரையின் கிதாருக்காகச் செய்த பெட்டி, கீழ்க்குரலை அப்படித் தாங்கியது. அவள் சுருதியை மூன்றரைக் கட்டைக்கு இறக்கச் சொல்லி, ராஜா பாட்டைப் பேசுகிற மாதிரியே பாடினாள். தாவவில்லை. வயசும் காய்ச்சலும் கரகரப்பும் எல்லாம் அதில் இருந்தன, எதையும் மறைக்கவில்லை. முதல் நாள் "யாரு அது" என்று கேட்ட அதே கிழக்குரல்தான். இன்றைக்கு அது அவளுக்குத் தேசத்தை இழந்த ஒரு ராஜாவின் குரலாகக் கேட்டது.

"சின்னபொண்ணு, நேத்து நடவுல பாடினியே, அது யாரு கொரலு?"

சின்னபொண்ணு மூக்கைத் துடைத்தாள். "அது... சும்மா பாடுறதுதானேக்கா."

"அதைப் பாடு."

அவள் பாடினாள். ஈர மணல் குரல் கூரையேறி வந்தது. இந்தத் தடவை தெருவில் யாரும் எந்தப் பெயரையும் சொல்லிக் கத்தவில்லை. "யாரு இது, புதுசா இருக்கே?" என்று ஒருத்தி கேட்டாள். சின்னபொண்ணு அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"இந்தப் பெட்டிதான் பாய்" என்றாள் கனகாம்பாள்.

ஆனி மாதம் பாகூர்த் திருவிழாவில் அந்தப் பெட்டியை வைத்து நாடகம் போட்டார்கள். மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் உத்தரவு வாங்குகிற அலைச்சலை எல்லாம் பாயே பார்த்துக்கொண்டார். நோட்டீசில் முதல் தடவையாக இரண்டு பெயர் இருந்தது: ராஜாவாகக் கனகாம்பாள், ராணியாகச் சின்னபொண்ணு. படுதாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

நன்றாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. ராஜா பாட்டு கீழ்க்குரலில் ஆரம்பித்ததும் கூட்டம் விழித்தது. "மேல போ! மேல போ!" என்று முன்வரிசைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். மண்ணாடிப்பட்டிலிருந்து வந்த கரும்புத் தோட்டக்காரர் ஒருவர், வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர், மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் இரண்டு வண்டிகள் கிளம்பின. கனகாம்பாள் அதைப் பார்த்தாள். ஒரு கணம், பழைய பழக்கத்தில், வாய் தானாக மேலே தாவப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு கீழேயே நின்று பாடி முடித்தாள். கைதட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. ராணி வந்தாள். புதுக் குரலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் குழம்பினார்கள். பிறகு எப்போது என்று தெரியாமல் கூட்டம் அடங்கிவிட்டது. ராஜா ராணியை விட்டுப் பிரிகிற இடத்தில், பின்னால் பெண்கள் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கனகாம்பாளின் மேடை வாழ்க்கையில் அங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

நாடகம் முடிந்து அவள் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அடக்க முடியாத ஆவலோடு ஒரு பெண் உள்ளே நுழைந்துவிட்டாள். பாகூர் விவசாயக் குடும்பத்துக்காரி, கலியம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"கல்யாணமாயி வந்ததுலேந்து உங்க நாடகம் ஒண்ணு விட்டதில்லேம்மா. அந்த ராஜா எதுக்குத் தேசத்தை விட்டுட்டுப் போறாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தம்பிக்காகத்தானே? நான் சண்டையில தோத்துட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கனகாம்பாள் மீசையைப் பாதியில் பிடித்தபடி திரும்பினாள். "அதைத்தானேம்மா ஒவ்வொரு தபாவும் பாட்டுல சொல்லிட்டு வர்றேன்?"

"பின்னால உக்காந்திருந்தா வார்த்தை எங்க கேக்கும்? கீச்சுனு சத்தம்தான் வரும். நல்ல சத்தம்தாம்மா, உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஆனா இன்னா சொல்றீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கலியம்மாள் போன பிறகும் கனகாம்பாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் ஊர் தன்னை ஏமாற்றிவிட்டது என்று குமைந்துகொண்டிருந்தவளுக்கு, குரல் இருந்த காலத்திலும் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்தது. எது பெரிய அடி என்று அவளால் சொல்ல முடியவில்லை. சின்னபொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், அவள் முகத்திலிருந்த மீதி மீசையை எண்ணெய் தொட்டு எடுத்துவிட்டாள்.

அந்த வருஷம் மண்ணாடிப்பட்டுப் பக்கத்து நாடகங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. பாகூர்ப் பக்கத்தில் புதிதாகச் சில ஊர்கள் கூப்பிட்டன, அதிகமும் பெண்களின் வற்புறுத்தலால். சின்னபொண்ணுக்கு ராணி வேஷம் நிலைத்துவிட்டது. வேறு கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, போவதா வேண்டாமா என்று அவள் கனகாம்பாளையே யோசனை கேட்டாள். "போறதுன்னா உன் கொரலோட போ" என்றாள் கனகாம்பாள். அவள் போகவில்லை. அது அவள் இஷ்டம்.

நடேசனோடு கனகாம்பாள் வெகுநாள் பேசவில்லை. சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். அவர் மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவும் இல்லை. எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஒத்திகைக்கு எல்லாரும் வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், ராணி பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, அவள் அவரைப் பார்த்தே பேசினாள்.

"ஆர்மோனியத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க. அவ இன்னா சொல்றான்னு கேக்கணும்."

நடேசன் தலையை ஆட்டினார். துருத்தியை மெதுவாக அமுக்கினார். சின்னபொண்ணு பாட்டை முதலிலிருந்து எடுத்தாள்.